பிரியாணி வாசனையும் காமா கதிரும்

ஆம்பூரைப் பஸ் தாண்டும்போது பிரியாணி வாசனை வந்தால், ஜன்னலில் முதலில் கண்ணில் படும் கடையைக் காட்டி "இங்கிருந்துதான்" என்று சொல்லிவிடுகிறோம். பின்தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறதோ! விண்ணில் காமா கதிரை (மிக அதிக ஆற்றலுள்ள ஒளி) உமிழும், அடையாளம் தெரியாத மூலங்களைத் தேடுவதில் முதல் தவறும் இதுதான்.

2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்தொலைநோக்கி, முதல் எட்டு ஆண்டுகளில் 5,000க்கும் மேற்பட்ட மூலங்களைக் கண்டது. அவற்றில் 1,300க்கும் மேற்பட்டவற்றுக்கு உரிய பொருள் எது என்று அப்போது சொல்ல முடியவில்லை. காமா கதிரை ஆடி வைத்துக் குவிக்க முடியாது. ஆகவே கிடைப்பது புள்ளி அல்ல, வட்டம். மங்கலான மூலமென்றால் அந்த வட்டம் முழுநிலவில் பாதி அகலம்கூட இருக்கும். அதற்குள் பளிச்சென்று தெரிவதெல்லாம் மூலமாகிவிடாது.

மூலங்களின் அட்டவணையில் ஒரு மூலத்தின் எதிரே ஏதோ ஒரு பொருளின் பெயர் எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த பிசகு. இடம் பொருந்துவது சந்தேகத்துக்குத்தான் போதும். பல்சார் (சுழன்றபடி கதிரைத் துடிப்பு துடிப்பாக வீசும் விண்மீன் எச்சம்) என்று சொல்ல, துடிப்பும் பொருந்தினால்தான் சாட்சி. ஜெமிங்கா என்ற மூலம் 1972இல் காமா கதிரில் தெரிந்தது. மிலான் வட்டார வழக்கில் அந்தப் பெயரை 'அது இல்லை' என்றும் படிக்கலாம், அவ்வளவு அலைக்கழித்தது! 1992இல் எக்ஸ் கதிரில் 0.237 வினாடித் துடிப்பு பிடிபட்ட பிறகே அது பல்சார் என்று உறுதியானது.

பால்வீதித் தளத்தை ஒட்டி இன்னும் நிதானம் வேண்டும். அங்கே காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்கள்) மோதும் வாயு மேகமே காமா கதிரை உமிழும். அந்தப் பின்னணியைச் சரியாகக் கழிக்காமல், மிஞ்சியதைப் பார்த்துக் 'கரும்பொருள்' (கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் பொருள்) என்று துள்ளுவோர் உண்டு. எனக்கு அந்த அவசரம் பிடிப்பதில்லை.

ரேடியோ அலையில் துடிப்பு இல்லை, எனவே பல்சார் இல்லை என்பதும் தவறு. அதன் ரேடியோக் கற்றை நம் பக்கம் திரும்பாமலே போகலாம். சில பல்சார்களைச் சுற்றிவரும் துணை விண்மீனிலிருந்து கிளம்பும் வாயு மறைக்கவும் செய்யலாம். அப்போது சாதாரண ஒளி உதவும். ஜவ்வாது மலைக் காவலூரில் (மாவட்டம் பிரிந்த பின் திருப்பத்தூர், எனக்கு இன்னும் வடஆற்காடுதான்) 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. "இதில் காமா கதிர் தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது, வளிமண்டலமே தடுத்துவிடும். ஆனால் வேறு நாட்டில் இத்தகைய ஒளித் தொலைநோக்கிகள்தான், 1994 முதல் புதிராக இருந்த ஒரு மூலத்தின் வட்டத்துக்குள், 93 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி ஏறி இறங்கும் விண்மீனைக் காட்டின. அந்த விண்மீன் ஒரு பல்சாரைச் சுற்றிவரும் நேரமே அது என்று கொண்டு, அந்தக் கணக்கை வைத்து ஃபெர்மியின் தரவை மறுபடி சலித்தபோது, 2012இல் பல்சாரின் 2.5 மில்லிவினாடித் துடிப்பு வெளியே வந்தது.