பிராந்தியங்களுக்கு இடையே வணிகத்தை வலுப்படுத்துவது எப்படி?

இரண்டு உலகப் பிராந்தியங்கள் தமக்குள் வணிகத்தைப் பெருக்க முன்வரும்போது முதலில் பேசப்படுவது பெரும்பாலும் சுங்கவரிக் குறைப்புதான். அது தேவையானதே என்றாலும், அதை மட்டுமே நம்பியிருந்தால் ஆண்டுகள் கரைந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியமும் தென் அமெரிக்காவின் மெர்கோசூர் கூட்டமைப்பும் 1999இல் தொடங்கிய பேச்சு 2024 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. ஆகவே வரிப் பேச்சு ஒருபுறம் நடக்கட்டும். அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவற்றை உடனே தொடங்குங்கள்.

இரு பக்கமும் ஏற்கெனவே போய்வரும் ஐந்தாறு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் ஆலையிலிருந்து கிளம்பி வாங்குபவரின் கிடங்கைச் சேரும்வரை பின்தொடருங்கள். சரக்கு எங்கே, எத்தனை நாள் தேங்குகிறது, ஒரே விவரத்தை எத்தனை அலுவலகங்கள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன என்று குறித்து வையுங்கள். பொருள்களை உலகச் சுங்க அமைப்பின் ஆறிலக்கக் குறியீட்டால் அடையாளப்படுத்தினால் இரு தரப்புக் கணக்குகளையும் ஒப்பிட முடியும். ஆறுக்கு மேற்பட்ட இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து எல்லை நடைமுறைகளைச் சீர்படுத்துங்கள். சரக்கு வந்து சேருமுன்பே ஆவணங்களைப் பரிசீலிப்பது, கட்டணங்களையும் விதிகளையும் இணையத்தில் வெளியிடுவது, எல்லாத் துறைகளின் அனுமதியையும் ஒற்றைச் சாளரத்தில் பெறச் செய்வது ஆகிய மூன்றும் முதலில் வரட்டும். சிங்கப்பூர் 1989இலேயே இத்தகைய மின்னணு முறையைத் தொடங்கியது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, எல்லை நடைமுறைகளை எளிதாக்கும் உலக வணிக அமைப்பின் வணிக வசதிப்படுத்தல் ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறினால் வணிகச் செலவு சராசரியாக 14.3 சதவீதம் குறையும் என்று அவ்வமைப்பு 2015இலேயே மதிப்பிட்டிருந்தது. எந்தக் கடமையை நிறைவேற்றத் தமக்கு வெளியுதவி தேவை என்று வளரும் நாடுகள் தாமே அறிவிக்கவும் அந்த ஒப்பந்தம் இடம் தருகிறது. வசதி மிகுந்த பிராந்தியம் தன் உதவியை அந்த அறிவிப்புகளைப் பார்த்து ஒதுக்குவதே முறை.

மிகுந்த கவனம் வேண்டியது பிறப்பிட விதிகளில்தான். ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்பதைத் தீர்மானிக்கும் இவ்விதிகள் சிக்கலாக இருந்தால், சிறு நிறுவனங்கள் சலுகையே வேண்டாம் என்று வழக்கமான வரியைக் கட்டிவிட்டுப் போய்விடும். ஒப்பந்தம் காகிதத்தில் தங்கிவிடும். 15 ஆசிய-பசிபிக் நாடுகள் கையெழுத்திட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை, பல பொருள்களுக்கு 40 சதவீத மதிப்பு உறுப்பு நாடுகளுக்குள் உருவானால் போதும் என்கிறது. ஓர் உறுப்பு நாட்டில் நெய்த துணி இன்னொரு நாட்டில் ஆடையாகும்போது இரண்டையும் கூட்டிக் கணக்கிடலாம் என்ற இந்த ஏற்பாட்டை நீங்களும் கேட்டுப் பெறுங்கள். அதோடு, ஏற்றுமதியாளரே பிறப்பிட அறிக்கை அளிக்கவும் வழி செய்யுங்கள்.

தரச் சோதனையில், ஓரிடத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முடிவை மறுதரப்பும் ஏற்கும்படி உடன்பாடு செய்தால் இரட்டைச் சோதனை ஒழியும். கப்பல் ஆவணங்களை மின்னணு வடிவில் ஏற்கச் சட்டத்திருத்தம் தேவைப்படலாம், அதற்கு ஐ.நா. சர்வதேச வணிகச் சட்ட ஆணையத்தின் 2017 மாதிரிச் சட்டம் இருக்கிறது.

பணம் கைமாறும் வழியையும் பாருங்கள். அண்டை நாடுகளின் வணிகர்கள்கூட மூன்றாம் நாட்டு நாணயத்தின் வழியே தொகையைத் தீர்ப்பது செலவையும் காலத்தையும் கூட்டுகிறது. இதைத் தவிர்க்கவே ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் முயற்சியால், உள்நாட்டு நாணயங்களிலேயே செலுத்தவும் பெறவும் உதவும் கட்டண முறை அக்கண்டத்தில் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

ஒரு பிராந்தியத்தின் எல்லா உறுப்பினரும் ஒரே வேகத்தில் வர இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் 2007இல் தொடங்கிய கூட்டுப் பேச்சு 2009இல் நிறுத்தப்பட்டு, பின்னர் சிங்கப்பூருடனும் வியட்நாமுடனும் தனித்தனி ஒப்பந்தங்களாக நிறைவேறியது. ஆயத்தமான நாடுகள் முன்னே செல்லவும், பின்தங்கியவை நீண்ட கால அவகாசத்துடன் அதே விதிகளில் சேரவும் இடம் வைத்து எழுதுவது நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இறக்குமதியால் வேலை இழக்கக்கூடிய தொழிலாளர்களுக்கான மறுபயிற்சி நிதியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கையெழுத்தான பிறகு, தகுதியுள்ள சரக்குகளில் எத்தனை பங்கு சலுகை வரியில் நுழைந்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் செய்யுங்கள். அந்த எண் குறைவாக உள்ள பொருள்களை எடுத்துக்கொண்டு, கூட்டுக் குழு தன் அடுத்த அமர்வை அவற்றின் ஏற்றுமதியாளர்களோடு நடத்தட்டும்.