முதல் பனிக்காலமும் காரின் பற்றரியும்

கனடாவுக்கு வந்து முதல் காரை வாங்கும்போது நம்மில் பலர் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய காரைத்தான் வாங்குகிறோம். என்ஜினையும் ரயரையும் கவனமாகப் பார்க்கிற நாம் பற்றரியைப் பார்ப்பதில்லை. ரொறன்ரோவில் எனது முதல் பனிக்காலத்தில், அதிகாலை ஐந்து மணி வேலைக்குப் புறப்பட்டுத் திறப்பைத் திருப்பியபோது, டாஷ்போர்ட் விளக்குகள் மங்கி ‘டக் டக் டக்’ என்ற ஓசை மட்டுமே வந்தது. முந்தைய மாலை வரை எந்தக் குறையும் காட்டாத கார் அது. ஒரு நாள் சம்பளம் போன பிறகு நான் கேட்டறிந்தவற்றைப் புதிதாக வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பற்றரிக்குள் ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையில் நடக்கும் வேதிமாற்றத்திலிருந்தே மின்சாரம் கிடைக்கிறது. குளிர் கூடக் கூட அது மந்தமாகிறது. மைனஸ் 18 பாகையில் நல்ல பற்றரிகூடத் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியைத்தான் தரும். அதே நேரத்தில் ஒயில் தடித்துப்போவதால் என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் வலு தேவைப்படுகிறது. ஆனால் பற்றரியைப் பெரும்பாலும் தேய்ப்பது முந்தைய கோடையின் வெக்கை. குளிர் அதை வெளிக்காட்டுகிறது. ஆகவே ஒக்டோபர் மாதத்திலேயே அதைச் சோதித்துவிடுவது நல்லது.

அதற்கு வோல்ற் அளக்கும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். கார் இரவு முழுவதும் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால், முழுச் சார்ஜ் உள்ள பற்றரி 12.6 வோல்ற் அளவு காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது அது 14 வோல்றை ஒட்டி உயர வேண்டும். உயராவிட்டால் குறை, ஓட்டத்தின்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்ரனேற்றரில் இருக்கலாம். மூன்று ஆண்டுகளைக் கடந்த பற்றரியை ஒரு கராஜில் மின்சுமை கொடுத்தும் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் வோல்ற் சரியாக இருந்தும் வலு குறைந்திருக்கக்கூடும். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தால், கையுறை அணிந்து, இணைப்புகளைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மீண்டும் இறுக்குங்கள்.

நம்மவர்களின் பற்றரி இறங்குவதற்கு முக்கிய காரணம் குறுகிய ஓட்டம் என்பது என் எண்ணம். வீட்டிலிருந்து சப்வே நிலையத்துக்குப் பத்து நிமிடம், அதற்குள் இருக்கைச் சூடு, பின்கண்ணாடிச் சூடு, காற்றாடி எல்லாம் முழு வேகத்தில். ஸ்ரார்ட் செய்ய எடுத்த மின்சாரம் திரும்பி ஏறுமுன் கார் நின்றுவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடுவது அதற்கு ஈடாகாது. மூடிய கராஜுக்குள் அப்படிச் செய்தால் கார்பன் மோனொக்சைட் உயிரைப் பறித்துவிடும்.

இறங்கிப்போன பற்றரியை அப்படியே குளிரில் விடாதீர்கள். முழுச் சார்ஜில் மைனஸ் 50 பாகையிலும் உறையாத அமிலம், வெறுமையான பற்றரியில் மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடலாம். பக்கங்கள் வீங்கியிருந்தால் அதற்குப் பூஸ்ட், அதாவது இன்னொரு காரின் பற்றரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம், கொடுக்கவே கூடாது, அது வெடிக்கக்கூடும். மற்றபடி, இரண்டு கார்களையும் நிறுத்திவிட்டு, சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பற்றரியின் பிளஸ் முனையிலும் பிறகு நல்ல பற்றரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பின் ஒரு நுனியை நல்ல பற்றரியின் மைனஸ் முனையிலும், மறு நுனியை உங்கள் என்ஜினில் பற்றரியிலிருந்து தள்ளியுள்ள, பெயின்ற் இல்லாத உலோகப் பகுதியிலும் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பற்றரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் அதில் தீப்பிடிக்காதிருக்கவே அந்தத் தூரம்.

வின்னிபெக், எட்மன்ரன் போன்ற கடுங்குளிர் இடங்களில் குடியேறுகிறவர்கள் என்ஜினைச் சூடாக்கும் புளொக் ஹீற்றர் பூட்டிய காரையே தேடுங்கள். அங்கே பல கார் தரிப்பிடங்களில் அதற்கான மின்செருகிகள் உண்டு. அது பற்றரியைச் சார்ஜ் செய்யாது, ஆனால் பற்றரியின் வேலையை இலகுவாக்கும்.

டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள், நின்றிருக்கும் காரின் அலாரமும் டாஷ்காமும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் என்பதை நினைவில் வையுங்கள். செருகி உள்ள இடமென்றால், பற்றரியின் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பற்றரி மெயின்ரெய்னரைப் பூட்டிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். அப்போது ரிமோட் வேலை செய்யாது. திரும்பி வந்ததும் ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சிறிய உலோகத் திறப்பால்தான் கதவைத் திறக்க வேண்டும். விமானத்துக்குப் புறப்படுமுன் அது பூட்டில் சரியாகச் சுழல்கிறதா என்று ஒருமுறை திருகிப் பாருங்கள்.