பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மடிக்கணினியில் ஒரே ஒரு பாகத்தைத்தான் மாற்ற முடியும் என்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஹார்ட் டிஸ்க்கில், நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முனை இங்குமங்கும் நகர்ந்து தகவலைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி வினாடிக்கு மேல் போய்விடும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. அதே தகவலைச் சுமார் 0.1 மில்லி வினாடியில் எடுத்துத் தந்துவிடும். விண்டோஸ் தொடங்கும்போது படிக்கப்படுபவை ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் என்பதால், நிமிடக்கணக்கில் காத்திருந்த இடத்தில் சில வினாடிகளில் திரை தயாராகிறது.

இவ்வளவு பலன் தரும் வேலை சிலருக்கு மனக்கசப்பில் முடிவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். திருகாணி கழற்றத் தெரியாமல் கெட்டுப்போவது அபூர்வம். தன் மடிக்கணினிக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் வாங்கியதும், பழைய டிஸ்க்கில் இருந்த தகவலை அவசரமாகப் பெயர்த்ததும்தான் பெரும்பாலும் காரணம். அந்த இரண்டைப் பற்றியும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்எஸ்டியால் தீராத குறைகள்

முதல் தவறு, மந்தத்துக்குக் காரணம் டிஸ்க்தானா என்று பார்க்காமல் இறங்குவது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினி திணறும் நேரத்தில் எந்த வரி உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, புராசசர் சும்மா இருந்தால் எஸ்எஸ்டி கைகொடுக்கும். மாறாக ரேம் முழுவதும் நிரம்பியிருந்தால், 4 ஜிபியை 8 ஜிபி ஆக்காமல் நிம்மதி கிடைக்காது. ரேம் போதாமல் எஸ்எஸ்டியை மட்டும் பொருத்தினால், வழியும் தகவலை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். முன்பைவிட வேகமாகத் தெரியும். ஆனாலும் திணறல் போகாது. வீடியோ எடிட்டிங் போலப் புராசசரை வேலை வாங்கும் பணிகள் ஏறக்குறைய அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். விசிறியில் தூசி அடைத்து, சூடேறியதால் வேகம் குறைந்த மடிக்கணினிக்கும் இது மருந்தாகாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதற்குத் தேவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் தலைமுறைப் புராசசரும். டிஸ்க்குக்கும் அந்தத் தகுதிக்கும் தொடர்பில்லை. தகுதி இல்லாத மடிக்கணினியில் எஸ்எஸ்டியோடு லினக்ஸை நிறுவுவது நல்ல வழி.

வடிவம் பார்க்காமல் வாங்குவது

இன்று கடைகளில் முன்னால் நிற்பது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. மெல்லிய பலகை போல இருக்கும், வேகம் அபாரம். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் அதைக் கண்டு மயங்கி வாங்கிவிடுகிறார். பின்மூடியைத் திறந்தால் அதைச் செருக இடமே இருப்பதில்லை.

நான்கு வகைகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே உருவத்தில், அதே சாட்டா இணைப்பு முறையில் வரும் 2.5 அங்குல சாட்டா முதல் வகை. பத்தாண்டு கடந்த மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பொருந்தும். இரண்டாவது, சில காலம் மட்டும் புழக்கத்தில் இருந்த எம்சாட்டா என்னும் சிறு அட்டை. மூன்றாவதும் நான்காவதும்தான் குழப்பத்தின் ஊற்று. இரண்டும் எம்.2 என்ற ஒரே உருவத்தில் இருக்கும். ஒன்று சாட்டா மொழி பேசும், மற்றொன்று என்விஎம்இ. ஒன்றை ஏற்கும் துளை மற்றொன்றையும் ஏற்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே கச்சிதமாக அமர்ந்த பிறகும் கணினி அதை அடையாளம் காணாமல் போகலாம்.

எம்.2 அட்டையின் செருகுமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறப் பட்டைகளின் வரிசையில் சின்ன வெட்டு இருக்கும். வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஆனால் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே வெட்டை மட்டும் நம்பாமல் மடிக்கணினி மாடலின் சர்வீஸ் கையேட்டைப் படித்துவிடுங்கள். நீளமும் முக்கியம். 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். 2242-க்கான இடத்தில் அது அடங்காது.

துளை இருந்து, அட்டையும் பொருந்தினால்கூட இன்னொரு தடை உண்டு. என்விஎம்இ-யின் முதல் வரையறை வெளியானது 2011-இல். அதன் பிறகும் சில ஆண்டுகள் வந்த மடிக்கணினிகள் பலவற்றின் பயாஸுக்கு (கணினியை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், கோப்பு வைக்கலாம், கணினியைத் தொடங்க மட்டும் முடியாது.

2.5 அங்குல வகையிலும் உயரத்தைக் கவனியுங்கள். இன்றைய எஸ்எஸ்டிகள் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் பல 9.5 மில்லிமீட்டர். இடைவெளியை நிரப்பச் சட்டம் போன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு தேவைப்படலாம். அது இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் இணைப்பு தளர்ந்துவிடும்.

மிகப் பழைய மடிக்கணினிகளில் சாட்டாவின் இரண்டாம் தலைமுறைதான் இருக்கும். புதிய எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி தரக்கூடியதாக இருந்தாலும் அங்கே 280 எம்பி அளவில் நின்றுவிடும். இதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். அன்றாட வேலையில் நாம் உணர்வது சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேகத்தை. அது அப்படியே கிடைக்கும். அப்படிப்பட்ட மடிக்கணினிக்கு விலை உயர்ந்த மாடலைத் தேடத்தான் அவசியம் இல்லை.

வாங்கும் முன் ஒருமுறை பின்மூடியைத் திறந்து பார்ப்பதே சிறந்தது. சில மலிவு மாடல்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற எதுவும் இருக்காது. ஆப்பிளின் பல மாடல்களில் அவர்களுக்கே உரிய இணைப்பு முனை இருக்கும்.

தரத்தில் கோட்டை விடுவது

பெயர் தெரியாத, நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் எஸ்எஸ்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே சிறிய சிப் வைத்து, கணினியிடம் பெரிய கொள்ளளவைச் சொல்லும் போலிகள் உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் எழுதியவை எல்லாம் காணாமல் போகும். முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதிதாக வாங்கியதை ஒருமுறை சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சாட்டா வகையில், தனக்கென டிரேம் என்ற வேகமான தற்காலிக நினைவகம் கொண்ட எஸ்எஸ்டி கிடைத்தால் அதையே எடுங்கள். அது இல்லாதவை பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதோ, முக்கால்வாசி நிரம்பிய பிறகோ சோர்ந்துவிடுகின்றன. ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும் கியூஎல்சி வகைக்கும் இதே குறை உண்டு.

ஆயுள் பற்றிய பயம் மட்டும் மிகையானது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 300 டிபி (டெராபைட்) எழுதும் உத்தரவாதம் தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 40 ஜிபி எழுதினால்கூட அது 20 ஆண்டுகளுக்கு வரும். அந்த மடிக்கணினி அதற்கு முன்பே ஓய்ந்துவிடும்.

தகவல் பெயர்ப்பு: இழப்பு நடக்கும் இடம்

டிஸ்க் போனால் இன்னொன்று வாங்கலாம். குழந்தையின் முதல் படங்களும், எழுதி முடித்த ஆய்வேடும் போனால் திரும்ப வராது. ஆகவே பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுப்பதற்கு, அதாவது குளோன் செய்வதற்கு முன் தனியாக ஒரு பேக்கப் எடுங்கள். குளோனே பேக்கப்தானே என்று நினைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

குளோன் மென்பொருளின் திரையைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு டிஸ்க்குகள் மேலும் கீழுமாகப் பட்டியலில் இருக்கும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் குறியீடு. எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்தால், வெறுமையான புதிய டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்படும். எச்சரிக்கைப் பெட்டி வரும். பழக்கத்தில் நாம் ‘சரி’ என்று அழுத்திவிடுவோம். எனவே தொடங்கும் முன் இரண்டு டிஸ்க்குகளின் மாடல் குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி வைத்து, திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பகிர்வுகள் (சி, டி டிரைவ் போன்ற பிரிவுகள்) நிறைந்த டிஸ்க் எது, காலியாக இருப்பது எது என்பதையும் பாருங்கள்.

சி டிரைவை மட்டும் குளோன் செய்வது அடுத்த தவறு. கணினியைத் தொடங்கத் தேவையான சிறு பகிர்வு ஒன்று தனியே ஒளிந்திருக்கும். பல கணினிகளில் அது 100 எம்பிதான். அதை விட்டுவிட்டால் எல்லாக் கோப்பும் வந்துசேர்ந்திருக்கும், விண்டோஸ் மட்டும் எழாது. டிஸ்க் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். புதிய எஸ்எஸ்டியின் கொள்ளளவு பழையதைவிடக் குறைவு என்றால், தேவையற்றதை முதலில் வேறிடத்துக்கு நகர்த்தி, பகிர்வைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த கணினிகள் சிலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். டிஸ்க்கை மாற்றிய பின் 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்டு கணினி நின்றுவிட்டால் தவிப்புதான். குறியை எடுத்து வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை முன்பே அணைத்து, வேலை முடிந்த பின் மீண்டும் இயக்குங்கள்.

பழைய டிஸ்க் டக் டக் என்று சத்தமிட்டாலோ, டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டார்கள் (படிக்க முடியாத பகுதிகள்) கூடிக்கொண்டே போனாலோ, வழக்கமான குளோன் வேண்டாம். கடைசிக் காலத்தில் இருக்கும் டிஸ்க்கைப் பழுதுநீக்கும் கருவிகளால் உலுக்குவது அதை அங்கேயே முடித்துவிடும். விலைமதிப்பற்ற கோப்புகளை முதலில் எடுங்கள். முழுவதும் வேண்டுமென்றால், நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பும் டிடிரெஸ்க்யூ போன்ற லினக்ஸ் கருவி உதவும்.

விண்டோஸ் ஏற்கெனவே வைரஸாலும் குப்பை மென்பொருள்களாலும் நைந்துபோயிருந்தால், குளோனை விட்டுவிட்டுப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன். ஒரு மாலை நேரம் செலவாகும். பழைய சிக்கல்கள் புதிய டிஸ்க்குக்குக் குடிபெயராது.

மூடியைத் திறக்கும்போது

பவர் பட்டனை அழுத்தி அணைத்ததோடு நிற்காதீர்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இருந்தால் அது முழு அணைப்பு ஆகாது; ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை விடுவியுங்கள்.

திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் என்று எண்ணிவிட வேண்டாம். குட்டையானது இருந்த இடத்தில் நெட்டையானதை முறுக்கினால், கை வைக்கும் பகுதியில் மேலே புடைத்துக்கொண்டு வரும், சில சமயம் மதர்போர்டையே குத்திவிடும். ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஒட்டுநாடாவால் திருகாணியை ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

சில மாடல்களில் விசைப்பலகையைத் தூக்கித்தான் டிஸ்க்கை அடைய முடியும். அதன் அடியில் காகிதம் போன்ற ஒரு பட்டை வயர் இருக்கும். அதைப் பற்றியிருக்கும் மெல்லிய கறுப்புத் தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்திய பிறகே வயர் தானாக வெளியே வரும். இழுத்தால் தாழ்ப்பாள் ஒடியும், அதற்கு மாற்று கிடைப்பது கடினம். பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டத்தையும் கழற்றிப் புதியதில் பூட்டுங்கள். சட்டம் பழைய டிஸ்க்கோடு குப்பைக்குப் போவது வழக்கமாக நடக்கிறது.

முதல் தொடக்கமும் அதன் பிறகும்

குளோன் செய்த எஸ்எஸ்டியை முதல்முறை இயக்கும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை முடக்கிவிடும். எதிலிருந்து கணினி தொடங்கியது என்பதும் குழம்பும்.

பயாஸில் சாட்டா அமைப்பு ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் ஏஎச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றுவது நல்லது. ஆனால் ஏற்கெனவே நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு நேராக மாற்றினால் நீலத்திரையில் போய் நிற்கும். விண்டோஸ் 10-இல் முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, அடுத்த தொடக்கத்தில் பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏறிய பின் வழக்கமான தொடக்கத்துக்குத் திருப்புங்கள்.

பிறகு இணையத்தில் இன்னும் உலவும் பழைய அறிவுரைகளைக் கேட்டு டிஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) ஓட்டுவதும், ரேமில் வழியும் தகவலை வைக்கும் பேஜ் ஃபைலை அணைப்பதும் வேண்டாம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகள் எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, அதற்கு வேண்டிய டிரிம் வேலையை (அழித்த கோப்புகள் இருந்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) தாங்களே செய்துகொள்கின்றன. டிரைவ்களைச் சீரமைக்கும் ஜன்னலில் வகை என்ற இடத்தில் அது எஸ்எஸ்டி என்று காட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். கொள்ளளவில் ஒரு பத்து, பதினைந்து சதவீதத்தைக் காலியாக விடுங்கள்.

பழைய டிஸ்க்கை அன்றே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். விட்டுப்போன ஒரு கோப்பு சில வாரங்கள் கழித்துத்தான் நினைவுக்கு வரும். நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். இப்போது அதற்குத் தேவையும் கூடியிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்க வாய்ப்பு இருந்தது. எஸ்எஸ்டியில் டிரிம் ஓடிய பிறகு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி என்னும் தாங்கு சட்டத்தைப் போட்டுப் பழைய டிஸ்க்கைச் செருகுவதானால், 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு உயரங்கள் இருக்கின்றன, அளந்து வாங்குங்கள்.