அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: அசிஸ்டன்ட் கோச்சாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கிராஜுவேட் அசிஸ்டன்ட் (மேல்படிப்பு படித்துக்கொண்டே கோச் வேலை பழகுபவன்), ஹூஸ்டன் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். போன மாதம் ஒரு மாலை அவன் எங்கள் அணிக்கு எடுக்கப் பார்க்கும் ஒரு பள்ளி மாணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "கவலைப்படாதே, உனக்கு இங்கே இடம் இருக்கு" என்று அவன் சொன்னது காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. எழுந்து போய், "தம்பி, அப்புறம் பேசுறேன்னு சொல்லிட்டு வை" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அதே மாதிரி ஒரு வாக்கை நானும் ஒரு வீட்டில் உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவனுக்கு அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது நம் ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். டெக்சாஸில் ஒரு டிவிஷன் 2 (பெரிய கல்லூரிகள் ஆடும் டிவிஷன் 1-க்கு அடுத்த தட்டு) கல்லூரியில் கார்னர்பேக்குகளுக்கு, அதாவது எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறித்து ஆடுபவர்களுக்கு, கோச்சாக இருக்கிறேன். நேரத்துக்கு வா, மைதானத்தில் போனை எடுக்காதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவன் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டான்.

ஹெட் கோச் கொடுக்காததை நீங்கள் கொடுப்பது

முதலில் பணக் கணக்கு. நான் சொல்லப்போகும் 2022-ல் டிவிஷன் 1-ன் மேல் தட்டில் 85 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், ஆளுக்கு ஒன்று. டிவிஷன் 2-ல் அப்படி இல்லை. 36 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பு, அதுவும் பல கல்லூரிகளிடம் முழுதாக இருக்காது. அதைத் துண்டு துண்டாக வெட்டி நூறு பேர் இருக்கும் அணிக்குப் பங்கு போட வேண்டும். ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால், மற்றொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். அந்தக் கத்தி ஹெட் கோச் கையில் இருக்கிறது, அசிஸ்டன்ட் கையில் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சோஃபாவில் உட்கார்ந்து அம்மா அப்பாவிடம் பேசுவது அசிஸ்டன்ட்தான். இந்த இடைவெளியில்தான் எல்லோரும் விழுகிறோம்.

2022 ஜனவரி. கிழக்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். பையன் நல்ல கார்னர்பேக், கால் வேகம் அபாரம், உயரம் கொஞ்சம் குறைவு. எங்கள் ஹெட் கோச் அவன் வீடியோவைப் பார்த்துவிட்டு "பிடிச்சிருக்கு, விடாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதை ஆஃபராக, அதாவது ஸ்காலர்ஷிப் தரச் சம்மதமாக, எடுத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். அவன் அம்மா இரவு வேலைக்குக் கிளம்பும் நேரம், யூனிஃபார்மில் இருந்தார், எனக்காகக் கோழி வறுத்து வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் நேராகக் கேட்டார்: "கோச், நான் எவ்வளவு கட்டணும்?" தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டில், அந்தக் கேள்விக்கு முன்னால், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "முக்கால் பங்கு நாங்க பார்த்துக்கிறோம்" என்றேன். மேசையில் கிடந்த கரண்ட் பில் உறையை எடுத்து, அதன் பின்புறம் 75 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வருஷம் ஏற்கனவே நெருக்கடி. கொரோனாவால் 2020 சீசனில் இருந்த எல்லா வீரர்களுக்கும் ஒரு வருஷம் கூடுதலாக ஆட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அனுமதி கொடுத்திருந்ததால் பழைய ஆட்கள் கிளம்பவில்லை. போதாததற்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல். பெரிய கல்லூரியில் இடம் கிடைக்காத பையன்கள் அதில் பெயரைப் போட்டுவிட்டுக் கீழே வந்துகொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுப் பள்ளி மாணவனா, உடம்பு தேறிய இருபத்தொரு வயதுக்காரனா என்று வந்தால் வேலை ஆடிக்கொண்டிருக்கும் ஹெட் கோச் யாரை எடுப்பார்? ஜனவரி கடைசி வாரம் அப்படி ஒரு கார்னர்பேக் கிடைத்தான். ஹெட் கோச் பணத்தை அவனுக்குத் திருப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் யாருக்கும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பையன்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்து நாள் பிப்ரவரி 2. இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாவைக் கூப்பிட்டு முக்கால் இல்லை, கால்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தக் கவர் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, கோச்" என்றார்.

அதற்குள் அந்தப் பையன் ஓக்லஹோமாவில் பாதி கொடுக்கத் தயாராக இருந்த ஒரு கல்லூரிக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தான், அங்கே இடம் நிரம்பிவிட்டது. இரண்டு வருஷப் படிப்பு மட்டும் இருக்கும் ஜூனியர் காலேஜுக்குப் போனான், ஒரு சீசன் ஆடினான், பிறகு விட்டுவிட்டான். இதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

வேலை விஷயத்தில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும், புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான். டெக்சாஸில் பள்ளிக் கோச் என்றால் ஊரில் பெரிய மனிதர். ஒரு மாவட்டத்துக் கோச்சுகள் ஒருவரோடொருவர் ஆடியவர்கள், ஒருவரிடம் ஒருவர் வேலை பார்த்தவர்கள். அந்தப் பையனின் கோச் எனக்குப் போன் செய்து, சத்தமே போடாமல், "இனி என் ஸ்கூல் பக்கம் வராதே" என்றார். இரண்டு வாரத்தில் சுற்றியுள்ள நான்கைந்து பள்ளிகளில் யாரும் என் போனை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் என் பகுதியிலிருந்து ஒரு கையெழுத்தும் வரவில்லை. 2023-ல் எங்கள் ஹெட் கோச் விலகி, நாங்கள் எல்லோரும் வேலை தேடிக் கிளம்பியபோது, போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தெந்த ஸ்கூல்ல உனக்குக் கதவு திறக்கும்?" என் டிஃபென்ஸ் அறிவை யாரும் கேட்கவில்லை. அசிஸ்டன்ட்டுக்கு இருக்கும் ஒரே சொத்து அந்தக் கதவுகள். ஆறு வருஷம் சேர்த்ததை ஒரு ராத்திரியில் தொலைத்துவிட்டேன்.

ஆஃபர் என்ற வார்த்தையை இப்போது எல்லோரும் மிட்டாய் மாதிரி வீசுகிறார்கள். வாயால் சொன்ன ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. பையன் சரி என்று சொன்னால் இன்றே எடுத்துக்கொள்வோமா, அல்லது வேறு யாராவது மறுத்தால்தான் இவனா? இதைப் பையன் கேட்கும் முன்னால் நீங்கள் ஹெட் கோச்சிடம் கேட்க வேண்டும். எவ்வளவு, எந்தத் தேதி வரை, போர்ட்டலில் ஒருவன் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை அவர் வாயால் சொல்ல வைத்து, குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். போன பிறகு எண் கேட்டால் "என்கிட்ட இன்னும் எண் இல்லை" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு எழுந்து போன தாயை நான் இதுவரை பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் ஆளாகவே நின்றுவிடுவது

இது நம் பிள்ளைகளுக்கு அதிகம் நடக்கிறது. வீடியோவை வெட்டுவது, எதிரணியின் ஆட்டங்களைப் பிரித்து அட்டவணை போடுவது, பயிற்சிக்கு வேண்டிய அட்டைகளை வரைவது எல்லாம் வேகமாக வரும், அதனால் எல்லோரும் அதையே கொடுப்பார்கள். பாராட்டும் கிடைக்கும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் ஒரு வீரனுக்குக்கூட நேராக நின்று எதையும் சொல்லித் தந்திருக்க மாட்டீர்கள். முன்பு அதற்கு விதியும் ஒரு காரணம். பெரிய கல்லூரிகளில் ஹெட் கோச்சும் பத்து அசிஸ்டன்ட்களும் சில கிராஜுவேட் அசிஸ்டன்ட்களும்தான் மைதானத்தில் பயிற்சி தரலாம், வீடியோ, அட்டவணை வேலை பார்க்கும் அனலிஸ்ட் வாயைத் திறக்கக்கூடாது. 2024 கோடையில் அந்தத் தடையை டிவிஷன் 1-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது கேளுங்கள். பயிற்சியில் பத்து நிமிஷம், இரண்டு வீரர்கள், ஒரு மூலை கொடுங்கள் என்று கேளுங்கள்.

ஒரே மூச்சில் நான்கு திருத்தம்

என் முதல் வருஷம். ஒரு கார்னர்பேக் ரிசீவர் திரும்பும் முன்பே இடுப்பைத் திருப்பிவிடுகிறான், ஒவ்வொரு முறையும் உள்பக்கம் தோற்கிறான். காலை இப்படி வை, கையை இங்கே போடு, எடையை முன்னால் கொண்டு வா, அவசரப்படாதே என்று வரிசையாகச் சொன்னேன். பையன் மரம் மாதிரி நின்றான். தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பான எங்கள் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், அறுபது வயதுக்காரர், பக்கத்தில் வந்து அவனிடம், "ரிசீவர் தலையைப் பார்க்காதே, அவன் இடுப்பைப் பாரு" என்றார். தலையும் தோளும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். மூன்று முறை ஓடிப் பார்த்ததில் மூன்றாவது முறை சரியாக வந்தது.

அடுத்த எதிரணியை நேரில் போய் வேவு பார்ப்பது

1994-லிருந்து தடை. 2023-ல் மிச்சிகன் அணியில் ஒரு ஊழியர் இதில் சிக்கி வேலையை விட்டார். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஒரே ஹெட் கோச்சை நம்பியிருப்பது

ஹெட் கோச் போனால் கூடவே அசிஸ்டன்ட்களும் போவார்கள், புதியவர் தன் ஆட்களோடு வருவார். இதில் உங்கள் திறமைக்குச் சம்பந்தமே இல்லாமல் போகலாம். டாபோ ஸ்வின்னி அலபாமா பல்கலைக்கழகத்தில் ரிசீவர் கோச்சாக இருந்தவர். 2000 சீசனோடு அந்தக் குழுவே மாறியதும் இரண்டு வருஷம் ரியல் எஸ்டேட் வேலை பார்த்தார். 2003-ல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச் டாமி பவுடன் அங்கே அழைத்திராவிட்டால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அங்கேயே ஹெட் கோச்சாகி 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம் வென்றார். இதற்கு நேர் எதிராக, பட் ஃபாஸ்டர் என்ற அசிஸ்டன்ட் 1987 முதல் 2019 வரை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார், 2006-ல் சிறந்த அசிஸ்டன்ட்டுக்கான பிராய்ல்ஸ் விருதும் வாங்கினார். ஃபாஸ்டர் மாதிரி இருக்க எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் திட்டம் போடும்போது ஸ்வின்னியின் அந்த இரண்டு வருஷத்தை மனதில் வைத்துப் போடுங்கள். வேலை நன்றாகப் போகும்போதே மற்ற கல்லூரிக் கோச்சுகளோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியில் நடக்கும் கோச்சுகள் மாநாட்டில் கையில் ரெஸ்யூமேயோடு லாபியில் நிற்கும் அன்று ஆரம்பிக்காதீர்கள்.

வீடு வாங்குவது

வாடகைக்கு இருங்கள். முதல் நான்கு வருஷம்.

தப்பு செய்த பள்ளிக்குத் திரும்பிப் போகாமல் இருப்பது

இரண்டு வருஷம் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையில் அந்தப் பெயர்ப் பலகை வந்தாலே வேகம் கூட்டிவிடுவேன். முதல் மாதத்திலேயே போயிருக்க வேண்டும்.

புது வேலை கிடைத்த பிறகு, 2024 பிப்ரவரியில் ஒரு நாள் போனேன். முன் அறையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அந்தக் கோச் வந்தார், உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன், ஹெட் கோச் மீதோ போர்ட்டல் மீதோ பழியைப் போடாமல், எண்ணை நானே சொன்னேன், யாரும் சொல்லச் சொல்லவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதியதையும் பதில் வராததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏப்ரல்ல ட்ராக் மீட் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரலில் போனேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நூறு மீட்டர் முடிந்ததும் அவர் வந்து வேலியின் அந்தப் பக்கம் கையை ஊன்றி நின்றார். எந்தப் பையனைப் பற்றியும் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.