ஊழியம் முடித்த மகனை அழைத்துவர வெளிநாடு போகிறீர்களா?

பலரும் மார்மன் சபை என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் பையன்கள் 24 மாதம் ஊழியத்துக்கு, அதாவது மிஷனரியாக மதத்தைக் கற்பிக்கப் போகிறார்கள். அந்த இரண்டு வருடமும் பெற்றோர் அவனை நேரில் பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்துக்கு இரண்டு முறைதான் பேச முடியும், இப்போது வாராவாரம் வீடியோவிலேயே பேசலாம். இருந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாதே! அதனால்தான் ஊழியம் முடிகிற நேரத்தில் நாமே போய் அழைத்துவரலாமா என்று பல குடும்பங்கள் யோசிக்கின்றன. முடிந்தால் கட்டாயம் போங்கள்.

முதலில் அவனிடம் கேளுங்கள். திடீரென்று போய் நின்று ஆச்சரியப்படுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சில பையன்களுக்குத் தங்களுடன் ஊழியம் செய்தவர்களோடு விமானம் ஏறி, ஊரில் இறங்கும்போது மொத்தக் குடும்பத்தையும் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை இருக்கும். அது அவன் விருப்பம், வருத்தப்படாதீர்கள். அவன் சரி என்றால் அடுத்து மிஷன் தலைவரின், அதாவது அவன் ஊழியம் செய்யும் பகுதியின் மிஷனரிகளுக்குப் பொறுப்பானவரின் அனுமதி. பல மாதம் முன்னாலேயே எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் வழக்கமாக அவன் திரும்பும் டிக்கெட்டைச் சபைதான் ஏற்பாடு செய்யும், அதை மாற்றினால் எந்தச் செலவு யாருடையது என்பதும் அப்போதே தெளிவாகிவிட வேண்டும்.

தேதி உறுதியாகும் வரை டிக்கெட் போடாதீர்கள். 24 மாதம் நிறையும் அதே நாளில் ஊழியம் முடியும் என்று எண்ண வேண்டாம். மிஷன்களில் பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை மிஷனரிகளின் இடமாற்றம் நடக்கும், விடைபெறும் நாளும் அதை ஒட்டியே வரும், அதனால் சில வாரம் முன்பின் ஆகலாம்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கும். விசா தேவை என்றால் ஆளுக்கு ஒன்றாக எல்லோருக்கும் வாங்க வேண்டும், கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். அப்புறம், பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று: மகனின் விசா. அது ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்டது. ஊழியம் முடிந்தபின் அதே விசாவில் உங்களோடு அங்கே சில நாள் தங்கலாமா, பக்கத்து நாட்டுக்குப் போய் வரலாமா என்று மிஷன் அலுவலகத்தில் கேட்டுவிட்டு மீதித் திட்டத்தைப் போடுங்கள்.

அங்கே போனபின் என்ன செய்வது? என் கருத்து ஒன்றுதான்: அந்த நாட்களை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். அவன் நடந்து தேய்த்த தெருக்கள், சாப்பாடு போட்டு மகன் மாதிரி பார்த்துக்கொண்ட வீடுகள், அவன் கற்பித்து ஞானஸ்நானம் பெற்றவர்கள், இவற்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள். எந்த ஊர், யார் வீடு என்று அவனையே ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் போகும் இடமெல்லாம் சாப்பிடச் சொல்வார்கள், அழுவார்கள், சீக்கிரம் கிளம்பவும் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாவது திட்டத்தில் இருக்கட்டும், ஒரே ஆராதனையில் எல்லோரையும் பார்த்துவிடலாம். சின்னப் பரிசும், அவன் சிறு வயதுப் படமும் கொண்டுபோங்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒரு படத்தை நடுவில் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருக்க முடியும். மொழிபெயர்ப்பு முழுவதும் அவன் தலையில்தான் விழும், நாள் முழுக்க இரண்டு பக்கமும் பேசிக் களைத்துப்போவான், மாலையில் அவனைச் சும்மா விடுங்கள்.

ஊரில் உள்ள ஸ்டேக் தலைவர் (சபையின் பல உள்ளூர்க் கூட்டங்களுக்குச் சேர்த்துப் பொறுப்பானவர்) முறைப்படி விடுவிக்கும் வரை அவன் மிஷனரிதான், நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். பெயர் அட்டை சட்டையில் இருக்கும், நடத்தை விதிகளும் அப்படியே தொடரும். மிஷனரிகள் நீச்சலுக்குப் போவதில்லை, ஆகவே கடற்கரை விடுதியில் அறை போட்டுவிட்டு அவனைக் கரையில் உட்கார வைக்காதீர்கள். தம்பி தங்கைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அண்ணன் ஏன் இப்படி ஒதுங்கி நிற்கிறான் என்று அவர்கள் மனம் சுருங்கிவிடும்.

அவன் மாறியிருப்பான். பேசும்போது நம் மொழியில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறலாம், விடைபெறும்போது உங்களைக் கண்ட மகிழ்ச்சியைவிட அந்த மக்களைப் பிரியும் துக்கம் பெரிதாகத் தெரியலாம். அதை உங்கள் மேல் அன்பு குறைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன படிப்பு, என்ன வேலை, கல்யாணம் எப்போது என்ற கேள்விகளை விமானத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம், அவனாகப் பேசினால் கேளுங்கள்.

திரும்பும் விமானத்தில் அவன் இருக்கையும் உங்கள் இருக்கையும் சேர்ந்து வருமா என்று முன்பே பாருங்கள், அவன் டிக்கெட் தனியாகப் போட்டிருந்தால் தள்ளித்தான் விழும். ஊர் வந்து சேரும் நேரத்தை ஸ்டேக் தலைவருக்குச் சொல்லி, முடிந்தால் அன்றைக்கே சந்திக்க நேரம் வாங்கிவையுங்கள். உறவினர்களுக்கு விருந்து வைப்பதாக இருந்தால் அதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், முதலில் அவன் தூங்கட்டும்.