கூடத்து ஊஞ்சலில் உலைவுக் கோட்பாடு

கும்பகோணத்தில் பி.எஸ்சி. மாணவர்களுக்கு உலைவுக் கோட்பாட்டை (perturbation theory), அதாவது தீர்க்கக்கூடிய எளிய கணக்கிலிருந்து தொடங்கி, விட்டதைச் சிறு திருத்தங்களாகச் சேர்க்கும் முறையை, நான் ஹைட்ரஜன் அணுவிலிருந்து தொடங்குவதில்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் கூடத்து ஊஞ்சலே போதும். நான்கு சங்கிலிகளும் தனித்தனி வளையத்தில் செங்குத்தாகத் தொங்கினால் பலகை சாயாமல் ஆடும். சங்கிலியின் எடையை ஒதுக்கிவிட்டால் அது அசல் தனி ஊசல்.

முதலில், தீர்க்கக்கூடிய பகுதியைப் பிரித்தெடுங்கள். ஊஞ்சலின் இயக்கச் சமன்பாட்டில், சங்கிலி செங்குத்திலிருந்து விலகும் கோணத்தின் சைனுக்குப் பதில் கோணத்தையே இட்டால் விடை உடனே வரும்: 2.5 மீட்டர் சங்கிலிக்கு அலைவுக் காலம், அதாவது ஒருமுறை போய்வரும் நேரம், 3.17 வினாடி. பிறகு, விட்டதில் பெரியது எது என்று பாருங்கள். கோணத்தின் மூன்றாம் அடுக்கை 6-ஆல் வகுத்த உறுப்பு அது. 30 பாகையில், அதாவது 0.52 ரேடியனில், அதன் அளவு 0.024. கோணத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லை, துணிந்து இறங்கலாம்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பழைய தீர்வோடு சிறு திருத்தம் ஒன்றைக் கூட்டிச் சமன்பாட்டில் இட்டால், நேரத்தால் பெருக்கப்பட்ட ஓர் உறுப்பு முளைக்கும். நேரம் போகப்போக அது வளர்ந்துகொண்டே இருக்கும். யாரும் தள்ளாத ஊஞ்சலின் வீச்சு தானாகப் பெருகுமா? அந்த உறுப்பை அடித்துவிட்டு நகராதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். வீச்சு கூடினால் அதிர்வெண்ணும் மாறும். நாம் அதைப் பழைய மதிப்பிலேயே பூட்டி வைத்திருந்தோம். எனவே அதிர்வெண்ணையும் தொடராக எழுதி, வளரும் உறுப்பு மறையும்படி அதன் திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். வானியலாளர் லிண்ட்ஸ்டெட், கணிதவியலாளர் புவான்காரே ஆகியோர் பெயரால் வழங்கும் இந்த வழி, கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டவர்களிடமிருந்து வந்தது. எனக்கு இந்தப் பாடத்தின் உயிரே இந்தப் படிதான்.

விடை எளிது: வீச்சை ரேடியனில் எடுத்து, அதன் வர்க்கத்தை 16-ஆல் வகுத்தால் வரும் பங்கு அலைவுக் காலத்தில் கூடும். 30 பாகைக்கு 1.7 சதவீதம், 3.17 வினாடி 3.23 ஆகிறது. அடுத்த திருத்தம் வெறும் 0.03 சதவீதம் என்பதால் இங்கேயே நிறுத்தலாம். 90 பாகையில் நிலைமை வேறு. முதல் திருத்தம் 15 சதவீதம், அடுத்தது 2. இரண்டையும் சேர்த்தாலும் உண்மையான 18-ஐத் தொடாது.

சரிபார்க்கச் சங்கிலியை டேப்பால் அளந்து கணக்கிட வேண்டாம். நீளத்தில் 5 செ.மீ. பிசகினாலே அலைவுக் காலம் ஒரு சதவீதம் மாறிவிடும். ஒருவர் அசையாமல் உட்காரட்டும். முதலில் மிகச் சிறிய வீச்சில் 20 முழு ஆட்டங்களுக்கு (போய்வந்தால் ஒன்று) நேரம் பாருங்கள், பிறகு 30 பாகையிலிருந்து விட்டு 20. வித்தியாசம் ஒரு வினாடியை ஒட்டி வர வேண்டும். ஆட்டம் தளர்ந்துகொண்டே போவதால் அதைவிடச் சற்றுக் குறையும்.