பூஷேயின் டயானாவை வீட்டிலேயே நகலெடுக்க

ரொக்கோகோ என்கிற 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாணியில் எண்ணெய் ஓவியம் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1742இல் வரைந்த டயானாதான். வேட்டைத் தெய்வம் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு தோழி. இரண்டே பேர். அவருடைய வீனஸ் படங்களில் மொய்க்கும் குழந்தைத் தேவதைகளின் கூட்டம் இதில் இல்லை. மூலம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 56க்கு 73 சென்டிமீட்டர். அந்த அருங்காட்சியகத்தின் தளத்தில் உள்ள படத்தையே அச்செடுங்கள். மற்ற இடங்களில் ஒன்று மஞ்சளடித்திருக்கும், இன்னொன்று ரோஸாக இருக்கும்.

இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் சாமான் வாங்கலாம். 30க்கு 40 கேன்வாஸ் போதும். அதற்குள் 28க்கு 36.5 என்று கட்டம் போட்டால் சரிபாதி அளவு கிடைக்கும். நேர் வெயில் படாது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்குச் சன்னல் ஓரம் உட்காரச் சொல்லும். பூமத்திய ரேகையை ஒட்டியிருக்கும் நமக்கு அது சரிவராது. ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்து அந்தச் சன்னலிலேயே அடிக்கும். மெல்லிய வெள்ளைத் திரை போட்டுக்கொள்ளுங்கள்.

பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து உருவங்களையும் நிழல்களையும் போடுங்கள். சீக்கிரம் காயும்.

அப்புறம் சருமம். முழுக் கவனமும் இங்கே வேண்டும். ரொக்கோகோ என்றதும் பலர் ரோஸை அள்ளிப் பூசுகிறார்கள். உடம்பு மெழுகுபோல் ஆகிவிடுகிறது. பூஷேயின் சருமம் ஒளிர்வது ரோஸால் அல்ல, ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே ஓடும் குளிர்ந்த சாம்பலால். வெளிச்சப் பகுதிக்கு வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், துளி சிவப்பு. நிழலுக்கு அதோடு அம்பரும் இன்னும் கொஞ்சம் சிவப்பும். நடுவில் வைக்கக் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை ஒளிநிறத்தில் சேருங்கள். சூடான நிறத்துக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரியும். நிஜ நீலத்தைச் சேர்த்தால் ஓக்கரோடு சேர்ந்து பச்சையடிக்கும். மூன்றையும் தனித்தனியாக வைத்துவிட்டு, காய்ந்த மென்மையான பிரஷால் விளிம்புகளை மட்டும் தொடுங்கள். முழங்கால், கால்விரல், முழங்கை, காது ஆகியவற்றில் கடைசியாகச் சிவப்பு.

கீழே விரிந்த நீலத் துணிக்குப் பிரஷ்யன் புளூ என்ற அடர் நீலம். குண்டூசித் தலையளவு போதும், வெள்ளை முழுவதையும் விழுங்கிவிடும். இலைகளை ஒவ்வொன்றாக வரையாதீர்கள்; மங்கலாகவே இருக்கட்டும். முத்துக்களும் தலையிலுள்ள பிறையும் எல்லாம் காய்ந்த பிறகு.

இந்த ஈரக் காற்றில் கேன்வாஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மின்விசிறி ஓடும் அறையில், பின்பக்கமும் காற்றுப்படும்படி நிறுத்துங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த பழைய வேட்டித் துணியைச் சுருட்டி குப்பைக் குழாயில் போடவே கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.